டொக்சிசைக்கிளின் போட்டதும் நெஞ்சு எரிகிறதா?

வைத்தியர் எழுதிய டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் (கிருமித் தொற்றுக்கான மருந்து) குளிசையை இரவில் போட்டதும் அம்மாவுக்கு நெஞ்சு எரிகிறது, நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் அவர் எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், குளிசை உணவுக்குழாயில் ஒட்டி அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். பெரும்பாலும் இதுதான் காரணம். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கட்டும், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். பால்தேத்தண்ணியோடு வேண்டாம், இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் 2, 3 மணி நேர இடைவெளி தேவை, இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இந்த மருந்து போடும் நாட்களில் கொழும்பு வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிவிடும், குடை பிடிக்கச் சொல்லுங்கள். விழுங்கவே வலித்தால், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், பார்வை மங்கிக் கடும் தலையிடி வந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.