மாடியில உருளை போட்ட பாளையங்கோட்டை தம்பிக்கு

"அண்ணாச்சி, ஐப்பசி கடைசில மொட்டை மாடில 12 பையில உருளைக்கிழங்கு போட்டேன். ஆன்லைன்ல குப்ரி ரகம்னு சொல்லி வித்த விதைக்கிழங்கு. செடி இடுப்பு உசரம் வந்துச்சு, இப்ப தையில பிடுங்குனா கோலிக்குண்டு சைஸுல நாலு நாலு. அடுத்து வெள்ளை போடவா, சிவப்பு போடவா?"

தம்பி, தோல் கலர்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி 20 டிகிரிக்கு கீழ இறங்குனாத்தான் உருளை ஒழுங்கா கிழங்கு வைக்கும், நம்மூர்ல மார்கழிலயே அது கஷ்டம், அதான் சத்தெல்லாம் தழைக்குப் போயிருக்கு. அப்புறம் குப்ரிங்கிறது ரகமே இல்ல, சிம்லா பக்கத்துல ஒரு ஊரு, அங்கத்த மத்திய உருளை ஆராய்ச்சி நிலையம் விடுத ரகத்துக்கெல்லாம் முன்னால அதான் பேரு. ஜோதி, சந்திரமுகி, ஊட்டிக்குன்னு வந்த ஸ்வர்ணா எல்லாம் குப்ரிதான். வெறும் குப்ரின்னு விக்கிறவன், அம்பாசமுத்திரத்துக்காரரு வந்தாருன்னு சொல்லுத மாதிரி, யாருவேன்னு கேக்க வேண்டாமா? ஆசை விடலைன்னா சூடு தாங்குத குப்ரி சூர்யாவ கார்த்திகைல போட்டுப் பாருங்க, அதுவும் சுமாராத்தான் வரும்.

நீங்க கேட்டிருக்க வேண்டியது சிறுகிழங்கு, அதான் உருளை மாதிரியே சமைக்குத குட்டிக் கிழங்கு. கடையம், பாவூர்சத்திரம் பக்கம் வயல் வயலா போடுதாங்க, நீங்க சிம்லாவுல தேடுதீங்க! வைகாசில ஒரு தொட்டில கிழங்க ஊனி, கொடி ஓடுனதும் ஆடி, ஆவணில நுனிய மட்டும் நறுக்கி நடணும். பகல் குறையக் குறையத்தான் கிழங்கு இறங்கும், தையில நட்டா தழைதான் மிச்சம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்து சுபலா ரகத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது.

நுனின்னு சொன்னது சும்மா இல்ல. வேரோட கொடி வாங்காதீங்க, சும்மா குடுத்தாலும் வேண்டாம். இந்தப் பயிருக்கு எமன் வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள்ள போயி முடிச்சு போட வைக்குத, கண்ணுக்குத் தெரியாத புழு. அது வேருலயும் கிழங்குலயும் மண்ணுலயும்தான் வரும், நுனில வராது. கடைல கேட்டா மண்ணுல தூவுத குருணை பூச்சி மருந்தத்தான் நீட்டுவாங்க, பிள்ளைங்க திங்கப் போற பையில போய் யாராவது அதப் போடுவாங்களா? பிடுங்குன உருளைச் செடி கிடந்தா வேரக் கழுவிப் பாருங்க. கடுகு, மிளகு சைஸுல முடிச்சு தெரிஞ்சா அந்த மண்ண சித்திரைல மாடில பரத்தி, நனைச்சு, கண்ணாடி மாதிரி உள்ள தெரியுத பாலித்தீன் ஷீட்டால இறுக்கி மூடி ஒன்றரை மாசம் வெயில்ல வேகவிடுங்க.

நட்டு 45 நாள்ல மண் அணைக்கணும், மார்கழி கடைசில பிடுங்கிரலாம். கிழங்க சாக்குல போட்டு நாலு அடி அடிச்சா தோலு தன்னால உரியும், கத்தி எடுத்து விரல்ல கறை ஏத்திக்கிடாதீங்க. இப்போதைக்கு வேர் போட்டோ அனுப்புங்க, பைக்கு ஒண்ணு.