துருவுக்கு மருந்து தடவி 5 வருட உத்தரவாதம் தருபவரை நம்பலாமா?

கேள்வி: சிங்கப்பூர் சுங்கை தெங்காவில் ஒரு செடி நர்சரியில் வேலை செய்கிறேன். முதலாளியின் சின்ன டிராக்டரோடு வந்த மண் கிளறும் ரொட்டாவேட்டர், மண் இழுக்கும் பாக்ஸ் பிளேடு, உரம் தூவி மூன்றும் கொட்டகைக்கு வெளியே கிடந்து துருப்பிடித்துவிட்டன. பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்குப் போடலாம் என்கிறார் முதலாளி. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “துருவை எடுக்கவே வேண்டாம், மருந்து தடவினால் கறுப்பாகி அப்படியே நின்றுவிடும், மேலே பெயிண்ட் அடித்துத் தருகிறேன், மூன்றுக்கும் 900 வெள்ளி, 5 வருட உத்தரவாதம்” என்கிறார். கொடுக்கலாமா? அல்லது நாங்களே செய்ய முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்களே செய்யலாம். மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை போகும், கை வலிக்கும், அவ்வளவுதான்.

முதலில் அந்த மருந்து என்ன என்று பார்ப்போம். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகிறது. துரு மாற்றும் மருந்துகள் பலவற்றில் இருப்பதும் அதே டானின்தான். வேறு சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். இரண்டுமே மேலாக இருக்கும் மெல்லிய துருவை மட்டும்தான் மாற்றும். உங்கள் பாக்ஸ் பிளேடில் அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதன் அடிக்கு மருந்து போகவே போகாது. கீழே ஈரமும் உப்பும் அப்படியே இருக்கும். புண்ணுக்குப் புனுகு பூசுவது என்பார்களே, அது இதுதான். அந்த ஆளிடம் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உதிரும் துருவைச் சுரண்டிவிட்டுத் தடவவும் என்று அங்கேயே போட்டிருக்கும்.

உப்பு என்றேன். சிங்கப்பூரில் எல்லாரும் மழையைத்தான் திட்டுகிறார்கள். மழை நீரைவிட மோசம் உங்கள் உரம். பொட்டாஷ் உரங்கள் பலவற்றில் குளோரைடு என்ற உப்பு இருக்கிறது. அது துருவின் குழிகளுக்குள் போய் உட்கார்ந்தால், மேலே எத்தனை கோட் அடித்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வரும். அப்போது உத்தரவாதம் கொடுத்தவரின் தொலைபேசி எண் வேறு ஒருவருடையதாக இருக்கும். வாய் வார்த்தை உத்தரவாதத்துக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு?

பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை வீசி அடித்துத் துருவை எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வரும் ஆள் அதைத்தான் சொல்லுவார். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் அதைச் செய்தும் செய்வித்தும் இருக்கிறேன். இரும்பைச் சுத்தம் செய்ய அதைவிட நல்ல வழி இல்லை. வேண்டுமென்றால் துவாஸ் பக்கம் உள்ள பட்டறைக்கு நேராகப் போய்க் கேளுங்கள். நடுவில் லாரியோடு வரும் ஏஜென்ட், பட்டறைக் கூலிக்கு மேல் தன் பங்கையும் போட்டுத்தான் உங்களிடம் விலை சொல்லுவார். பட்டறையில் இரண்டு கேள்வி போதும். ‘எஸ்ஏ இரண்டரை’ தரத்துக்கு, அதாவது துருவும் பழைய பெயிண்டும் ஏறக்குறைய முழுசாகப் போகும்வரை அடிப்பீர்களா? அடித்த அன்றே பிரைமர் என்ற அடிக்கோட் போடுவீர்களா? நம் ஊர்க் காற்றில் அடித்துவிட்ட இரும்பு சில மணி நேரத்தில் மஞ்சள் பூத்துவிடும். நாளைக்குப் பிரைமர் போடுகிறேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆனால் ரொட்டாவேட்டரை மட்டும் பிளாஸ்டிங்குக்கு அனுப்பாதீர்கள். இதை நான் அடித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு தெரிந்தவர் ஒருவரின் ரொட்டாவேட்டரை நானே ஒரு பட்டறைக்கு அனுப்பிவைத்தேன். கியர்பாக்ஸ் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயில் சீலின் உதட்டுக்குள்ளும், மேலே காற்றுப் போகும் சின்னத் துளைக்குள்ளும் பிளாஸ்டிங் துகள் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து பேரிங் கத்த ஆரம்பித்தது. ஆயிலை இறக்கினால் ராகிக் கூழ் மாதிரி வருகிறது, விரலில் தேய்த்தால் நறநறவென்கிறது. பட்டறைக்காரர், “பிளாஸ்டிங் கேட்டீர்கள், செய்தோம்” என்று சொல்லிவிட்டார். பேரிங்கும் சீலும் என் காசில்தான் மாற்றினேன். கியர்பாக்ஸைக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொடுப்பதானால் சரி. டேப் ஒட்டுகிறோம், துணி சுற்றுகிறோம், கவலைப்படாதீர்கள் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். உரம் தூவிக்கும் ஒரு கியர்பாக்ஸ் உண்டு, சின்னதுதான், அதற்கும் இதே கதைதான்.

இப்போது கையால் செய்வது. கருவியை டிராக்டரிலிருந்து கழற்றிக் கட்டைமேல் நன்றாக உட்கார வையுங்கள். ஹைட்ராலிக்கில் தொங்கவிட்டு அடியில் கை நீட்ட வேண்டாம். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து கிரீஸை முதலில் எடுங்கள். கிரீஸ் மேல் வயர் பிரஷ் ஓட்டினால் அதை எல்லா இடத்துக்கும் தடவிவிடுவீர்கள். பிறகு உளி, சுரண்டி கொண்டு அடுக்குத் துருவைத் தட்டி எடுத்துவிட்டு, கிரைண்டரில் வயர் கப் போட்டு ஓட்டுங்கள். முகத்துக்கு முழுக் கண்ணாடி போடுங்கள், கப்பிலிருந்து கம்பி முள் மாதிரிப் பறக்கும். அப்புறம் மறுபடியும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இந்த இரண்டாவது கழுவலைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், உப்பு போவது அதில்தான். மூலையிலும் குழியிலும் பிரஷ் எட்டாத கறுப்புப் புள்ளி மிஞ்சினால் அங்கே மட்டும் அந்த மருந்தைத் தொட்டு வையுங்கள். அதற்கு அது நல்ல சரக்கு.

பழைய மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டிலும் செம்மண் நிற அடிக்கோட்டிலும் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி கிரைண்டரில் தூள் பறக்க விடாதீர்கள். ஈரமாக்கிய உப்புத்தாளால் தேயுங்கள், முகமூடி போடுங்கள், அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

பெயிண்ட் அடிக்கும் நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்கு இரும்பைக் கையால் தடவிப் பாருங்கள், ஜில்லென்று பிசுபிசுக்கும். கண்ணுக்குத் தெரியாத பனி அது. காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும், இரும்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலேயும் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. உங்களுக்கு மீட்டர் வேண்டாம். மழை இல்லாத நாளில் பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடியுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் தொடவே தொடாதீர்கள். பிப்ரவரிக் கடைசியில் நல்ல நாள் கிடைக்கும்.

இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமரை, சிங்க் பாஸ்பேட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகத் தூள் நிறைந்த ‘சிங்க் ரிச்’ என்று கடைக்காரர் விலை உயர்ந்ததைக் காட்டுவார். அது பிளாஸ்டிங் செய்த இரும்புக்குத்தான், கையால் சுரண்டியதில் ஒட்டாது. நம் சூட்டில் கலந்த பெயிண்ட் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஓரங்களுக்கும் வெல்டிங் கோட்டுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கை, பிறகுதான் முழுசாக. ஓரத்தில் பெயிண்ட் எப்போதும் மெலிந்துதான் நிற்கும், துரு அங்கிருந்துதான் திரும்ப ஆரம்பிக்கும். மேல் கோட்டுக்குச் சாதாரண எனாமல் போதும். இரண்டு டப்பா பாலியூரிதேன் பளபளக்கும், ஆனால் அதைக் கொட்டகையில் ஸ்ப்ரே அடிப்பது நுரையீரலோடு விளையாட்டு. தூசுக்கான முகமூடி அந்த ஆவிக்கு உதவாது.

ரொட்டாவேட்டர் கத்தி, பிளேடின் வெட்டுமுனை, டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்ட்டின் பல், கிரீஸ் நிப்பிள், எண் தகடு இவற்றில் பெயிண்ட் வேண்டாம். மண்ணே கத்தியைத் தேய்த்துப் பளிச்சென்று வைக்கும். சும்மா கிடக்கும்போது கிரீஸ் தடவினால் போதும்.

கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உங்கள் பக்கத்து வாய்க்கால் தண்ணீர் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, நாம் குடிப்பது அது. உரிமம் பெற்ற கழிவுக்காரரைக் கூப்பிட்டால் பீப்பாய் கணக்கில் பேசுகிறார், நம்மிடம் இருப்பதோ மூன்று லிட்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விதி சரிதான், ஆனால் சின்ன ஆட்கள் அதைக் கடைப்பிடிக்க வழி வைத்தால் என்ன? மூடி போட்ட டின்னில் சேர்த்து வையுங்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து கூப்பிடுங்கள். இந்த இரும்பெல்லாம் வெளியே கிடந்ததற்கும் முதலாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். குத்தகை முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டே பண்ணை நடத்துபவர் நல்ல கூரைக்கு எப்படிப் பணம் போடுவார்? தார்ப்பாயை இறுக்கிச் சுற்றி மட்டும் வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சுத்தியலால் மூன்றையும் தட்டிப் பாருங்கள். ரொட்டாவேட்டர் கூடும் பாக்ஸ் பிளேடும் கணீரென்று கேட்டால் வேலையில் இறங்கலாம். உரம் தூவியின் அடித்தகட்டில் எனக்குச் சந்தேகம்தான். அங்கே சத்தம் பொத்தென்று வந்தால், அல்லது சுத்தியல் முனை உள்ளே போய்விட்டால், அதை மட்டும் முதலாளி சொன்னபடி கராங்குனிக்கே கொடுத்துவிடுங்கள்.