நெல்லுக்கு ஈரம் பார்க்கிறோம், விறகுக்கு?

கேள்வி: மன்னார்குடியில் வீட்டு மொட்டை மாடியில் வார இறுதிகளில் கோழி, மீன் புகைபோட்டு விற்கிறோம். இரும்பு டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பு. கார்த்திகையில் 200 கிலோ சீமைக் கருவேல விறகு வாங்கினோம். "நல்லா காஞ்ச கட்டை" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். கோழியின் மேல் கறுப்பாகப் படிகிறது, நாக்கில் கசக்கிறது. விறகைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மசாலாவைச் சந்தேகப்பட வேண்டாம். விறகு பச்சை. எரியும்போது கட்டையின் வெட்டுமுனையைப் பாருங்கள். சொய்ங் என்ற சத்தத்தோடு நுரை தள்ளினால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. நெருப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மரம் அரைகுறையாக எரிந்து வெள்ளையாக அடர்ந்த புகை வரும், அதில் இருக்கும் தார் போன்ற கீல்தான் கோழித் தோலில் ஒட்டிக் கசக்கிறது. நல்ல புகை மெலிதாக, லேசான நீல நிறத்தில் இருக்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது.

கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை எடுக்க மாட்டார்கள் என்று ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிற ஊர்க்காரர்கள் நாம். விறகை மட்டும் வாய்வார்த்தையை நம்பி வாங்குகிறோம். புகைபோடும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோ விறகில் 40 கிலோ தண்ணீர் என்றால் மரம் 60 கிலோதான். அது 20 சதவீத ஈரத்துக்கு வரும்போது எடை 75 கிலோ. மீதி 25 கிலோவுக்கு நீங்கள் கொடுத்தது தண்ணீருக்கான காசு.

திருப்பிக் கொடுக்கும் விஷயம்: பில்லில் 'காய்ந்த விறகு' என்று எழுதியிருந்தால் தைரியமாகக் கேளுங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தராசிலேயே சந்தேகம் என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சொல்லலாம். பில்லே வாங்கவில்லையா? அப்படியானால் 200 கிலோவுக்காக மல்லுக்கட்டுவதைவிட, பிளந்து அடுக்கிக் காயவையுங்கள் என்பேன். விறகு வீணாகாது, சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த முறை மேலே கிடப்பதை எடுக்காமல் அடுக்கின் நடுவிலிருந்து இரண்டு கட்டையை உருவச் சொல்லுங்கள். காய்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து கீற்றுக்கீற்றாக வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு வரும். இரண்டையும் தட்டினால் 'டங்' என்று கேட்கும். பச்சை என்றால் 'தொப்'. சந்தேகம் தீரவில்லையா, ஒன்றைப் பிளக்கச் சொல்லி உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் வேண்டாம். மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கினால் அதையும் பிளந்த உள்பக்கத்தில்தான் குத்த வேண்டும், வெளிப்பக்கம் பொய் சொல்லும்.

கேள்வி: விறகைத் தார்ப்பாயில் நன்றாகச் சுற்றி வைத்தும் பூஞ்சணம் பிடிக்கிறதே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சுற்றியதுதான் தப்பு. நானும் ஒரு ஐப்பசியில் அடுக்கை நான்கு பக்கமும் கட்டிவைத்து, தை பிறந்து திறந்தபோது காளான் அறுவடை செய்தேன். கட்டையிலிருந்து கிளம்பும் ஈரம் தார்ப்பாயின் உள்பக்கத்தில் முத்துமுத்தாகக் கோத்து மறுபடி கட்டையிலேயே சொட்டும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். அடியில் செங்கல் வரிசை வேண்டும், இல்லாவிட்டால் தரையின் ஈரமும் கரையானும் ஏறும். சுவரை ஒட்டாமல் ஒரு கையகலம் விட்டு அடுக்குங்கள்.

முழு உருளையாக வைத்தால் வருஷம் ஆனாலும் நடுவே பச்சையாகவே கிடக்கும், ஏனென்றால் பட்டை தண்ணீரை எளிதில் வெளியே விடாது. மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். தை, மாசியில் வெட்டிப் பிளந்தால் பங்குனி முதல் வைகாசி வரை வெயில், அப்புறம் ஆடிக்காற்று. ஐப்பசி அடைமழைக்கு முன் தயாராகிவிடும். ஒரு கட்டையில் சாக்பீஸால் எடையை எழுதி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பூஞ்சணம் பிடித்ததைச் சமையலுக்கு வேண்டாம், வெந்நீர் அடுப்புக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'மெஸ்கீட்' மரச்சில்லு பாக்கெட் கொள்ளை விலை. வாங்கலாமா?

பதில்: டெக்சாஸில் கறி சுடப் பேர்போன மெஸ்கீட்டும் நம் வாய்க்கால் கரைச் சீமைக் கருவேலமும் ஒரே பேரினம். இனம் வேறு, ஆனாலும் புகையின் காரம் கிட்டத்தட்ட அந்த ரகம்தான். நன்கு காயவைத்த கருவேலச் சிராய் இருக்கும்போது பாக்கெட்டுக்கு நான் செலவு செய்ய மாட்டேன். மீனுக்கு அது கொஞ்சம் தூக்கல், காய்ந்த கொய்யாக் கிளை சாந்தமானது. சில்லை ஊறவைக்கச் சொல்வதையும் கண்டுகொள்ள வேண்டாம், காயவைத்ததை மறுபடி நனைப்பானேன்?

அரளி மட்டும் ஒரு குச்சிகூடக் கலக்கக் கூடாது, விஷம். பிச்சாவரம் பக்கத்துத் தில்லையும் அப்படியே, அதன் பால் பட்டால் கண்ணே போகும். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு இதையெல்லாம் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.