அறுவடைக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

வேளாண் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விரும்பி எடுத்ததல்ல, மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. ‘டிராக்டர் ஓட்டவா நான்கு வருஷம்?’ என்கிறார்கள் உறவினர்கள். சீனியர்கள் பலர் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா, இல்லை நானும் இப்போதே கோடிங் பக்கம் போய்விடலாமா?

க.

அன்புள்ள க.,

உறவினர்களை விடுங்கள். வேலைகளைப் பற்றி உங்கள் ஆசிரியர்களே சொல்வார்கள்: டிராக்டர், அறுவடை இயந்திர நிறுவனங்கள், பாசன வடிவமைப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, உணவு பதப்படுத்தும் ஆலைகள், அரசுத் துறைகள், ஆராய்ச்சி.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். இரண்டு வருஷம் படித்த பாடத்திலிருந்து ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. மண் இல்லை, தண்ணீர் இல்லை, தானியம் இல்லை. எதிர்காலம் உண்டா என்று கேட்பதற்கு முன் கையில் இருப்பது என்னவென்று பார்க்க வேண்டாமா?

தானியத்தைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சிறுவயதில் அறுவடை நேரத்து மழையில் எங்கள் நெல் நனைந்து குவியலாகக் கிடந்தது. அப்பா என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். சுட்டது. நெல் மூச்சு விடும், ஈரம் கூடினால் அந்த மூச்சும் சூடும் கூடும், பிறகு பூஞ்சணம் வரும் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று தெரிந்தது அப்பாவின் முகம் மட்டும்தான். விளைவிக்க என்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்திருந்தார். விளைந்ததைக் காப்பாற்ற அவரிடம் வெயிலைத் தவிர எதுவும் இல்லை.

இருபது சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வரும் நெல்லைச் சேமிக்க வேண்டுமானால் 14 சதவீதத்துக்காவது இறக்க வேண்டும். சூடான காற்றை ஊதினால் போதாதா? போதாது. அவசரப்பட்டால் மணியின் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்; மணி விரிசல் விடும்; அரவையில் நொய்யாகப் போகும். கொஞ்சம் காயவைத்து, உள்ளீரம் வெளியே வரும்வரை ஆறவிட்டு, மறுபடி காயவைக்க வேண்டும். எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம் ஆறவிடுவது? வெப்பப் பரிமாற்றமும் தெரிந்து, நெல்லும் தெரிந்த ஒருவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்த ஒருவராக ஆவதற்குத்தான் உங்களைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து கடைக்கு வந்து சேர்வதற்குள் உலகில் உணவின் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2019ல் கணக்குச் சொன்னது. இவ்வளவு வேலை பாக்கி கிடக்கும் துறையைப் பார்த்தா எதிர்காலம் உண்டா என்று கேட்கிறீர்கள்?

சரி, கோடிங். தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, நான் தடுக்கவில்லை. முதல் நிரலை ஓர் உலர்த்திக்கு எழுதிப் பாருங்கள்: காற்றின் வெப்பமும் ஈரமும் கொடுத்தால், நெல் 14 சதவீதத்துக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று அது சொல்லட்டும். தேவையான சமன்பாடுகள் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.