திருவாரூரில் இறக்கிவிடாத வண்டி

கேள்வி: கம்பன் எக்ஸ்பிரஸை மீண்டும் விட வேண்டும், டெல்டாவின் சிற்றூர்களிலிருந்து நகரங்களுக்கு நேரடி ரயில் வேண்டும் என்று உங்கள் இதழ் ஓயாமல் எழுதிவருகிறது. எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போகப் பஸ் இருக்கிறது. ரயிலில்தான் போவேன் என்பவர் திருவாரூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம். கூட்டமே இல்லாத தடத்தில் நேரடி வண்டி கேட்பது மீட்டர்கேஜ் காலத்தின் மேலுள்ள பாசம் என்பதைத் தவிர வேறென்ன?

— ஒரு வாசகர், முத்துப்பேட்டை

பதில்: பாசம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதைக் கேட்பவர் முத்துப்பேட்டைக்காரர் என்பதால் ஒரு பழைய கணக்கை நினைவூட்டத் தோன்றுகிறது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) உங்கள் ஊர் வரை 1894இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை, லாபத்தைக் கணக்கிட்டு ஏதோ ஒரு கம்பெனி தானாகப் போட்டுக்கொடுத்ததல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலம் வைத்திருந்தவர்களிடம் ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தில் போட்ட பாதை அது. உங்கள் கொள்ளுப்பாட்டனாரோ அவருடைய பக்கத்து வயல்காரரோ கட்டிய காசு அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கிறது. அதன் மேல் ஒழுங்காக ஒரு வண்டி ஓட வேண்டும் என்று கேட்பதைப் பாசம் என்று சொல்வதைவிடப் பாக்கி என்று சொல்வது பொருந்தும்.

கம்பனைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போன அந்த வண்டி அகலப்பாதை வேலையோடு போய், அதே பெயரில் திரும்பவில்லை. ஆனால் 2023இல் தாம்பரம் – செங்கோட்டை வண்டியும், 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலத் திறப்போடு தாம்பரம் – ராமேஸ்வரம் தினசரி வண்டியும் இதே தடத்தில் வந்துவிட்டன. எழும்பூருக்குப் பதில் தாம்பரத்தில் இறங்க வேண்டியிருப்பது ஒரு குறைதான் என்றாலும், சென்னைக்கு இரவு வண்டியே இல்லை என்று இனியும் எழுதினால் அது நாணயமாகாது. எங்கள் இதழும் அந்தப் பல்லவியை நிறுத்திக்கொள்ளும். எங்கள் வழக்கு பகலைப் பற்றியது. சென்னைக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகிற குடும்பம், தஞ்சாவூருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கல்லூரி, கொள்முதல், கல்யாண ஜவுளி என்று மாதத்துக்கு நாலு முறை போகிறது. அந்தப் பயணத்துக்குத்தான் நேர் வண்டி இல்லை.

இனி, கூட்டமே இல்லை என்கிறீர்களே, அந்தக் கூட்டம் எப்படிக் கலைக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டீர்கள். பல ஆண்டுகள் தண்டவாளமே இல்லாமல் கிடந்த திருவாரூர் – காரைக்குடிப் பாதை 2019 ஜூனில் திறந்தபோது, வழியெங்கும் லெவல் கிராசிங்குகள் இருந்தன. அவற்றுக்கு ஆள் போடவில்லை. கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி மெல்ல நகர்ந்து கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அடுத்த கேட்டிலும் இதேதான். 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்ல சைக்கிள்காரர் ஒருவர் போட்டிக்கு வந்திருந்தால் வெற்றி யாருக்கு என்று பந்தயம் கட்டத் தயங்கியிருப்பேன். அந்த வண்டியில் ஏறாமல் பஸ்ஸுக்குப் போனவர்களின் தலையை எண்ணிப் பார்த்து, இந்தத் தடத்துக்கு ஆதரவு இல்லை என்று முடிவுகட்டுவது, கடையைப் பாதி சாத்தி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்று புலம்புகிற கதை. பிறகு கேட் கீப்பர்கள் நியமிக்கப்பட்டார்கள், வேகமும் கூடியது. ஆனால் அதற்குள் மக்களின் கால்கள் பஸ் நிலையத்துக்குப் பழகிவிட்டன.

அடுத்து, ‘மாறிக்கொள்ளலாம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். டெல்டாவின் ஒரு சந்திப்பு நிலையத்தில் நானே கண்டது இது. நாங்கள் வந்த டெமு வண்டி (தனி எஞ்சின் மாட்டாத டீசல் ரயில்), எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு நிலையத்துக்கு வெளியே அவுட்டரில் நின்றுகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், மஞ்சள் பையில் எக்ஸ்ரே உறையைச் செருகி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாக வண்டி நடைமேடைக்குள் நுழைந்தபோது, அடுத்த நடைமேடையில் தஞ்சாவூர் வண்டியின் கார்டு பச்சைக் கொடியை விரித்துவிட்டார். இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் தண்டவாளத்தில் குதித்து ஓடி ஏறினார்கள். அந்த அம்மாள் மேம்பாலத்தின் நான்காவது படியில் நின்றபடி கடைசிப் பெட்டி போவதைப் பார்த்தார். டீக்கடைக்காரர் அவருக்குச் சொன்ன யோசனை, “பஸ்ஸுல போயிடுங்கம்மா, ஆனா ஓ.பி. சீட்டு குடுக்கறதுக்குள்ள போய்ச்சேர முடியாது” என்பது. கணக்குப்படி இரண்டு வண்டிகளும் அன்று ஏறக்குறையச் சரியான நேரத்தில்தான் ஓடின. தவறவிட்டவர் அந்த அம்மாள். பயணிகளின் எண்ணிக்கை பற்றிய எந்த அறிக்கையிலும் அவர் ‘இணைப்பு தவறியவர்’ என்று பதிவாக மாட்டார். அடுத்த மாதம் ரயிலுக்கு வராதவர் என்று மட்டுமே பதிவாவார், அதுவும் பெயரில்லாமல்.

பஸ்ஸைப் பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் பாதை சுற்று. திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நீடாமங்கலம் என்று வளைந்து போவது, மன்னார்குடி வழியாகப் போகிற சாலையைவிட நீளமானதே. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு நேராக ஒரு பாதை போட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது; அந்தத் திட்டம் தலைமுறை தலைமுறையாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் சுற்றுவழி என்பதனால்தான் நடுவழியில் இறக்கிவிடக் கூடாது என்கிறேன். குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய், காலை நீட்டி உட்கார இடம், குலுக்கல் இல்லாத பயணம் என்றால் அரை மணி நேரம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ள நோயாளியும் தயார், மாணவரும் தயார். சுற்றிக்கொண்டு போகிற வண்டி, இறக்கியும் விட்டால் யார் ஏறுவார்கள்? அந்தப் பத்து ரூபாயும்கூட, கொரோனாவுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் கட்டணம் என்ற பெயரில் முப்பதாக நின்று, 2024இல்தான் பழைய நிலைக்கு இறங்கியது. அந்த ஆண்டுகளின் பயணிகள் கணக்கையும் யாரேனும் ஆதாரமாக நீட்டினால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. நீடாமங்கலம் – மன்னார்குடிப் பாதை 1976இல் மூடப்பட்டது; முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2011இல் அகலப்பாதையாக மறுபடி திறந்து, மன்னை எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. இன்று மன்னார்குடியில் ஏறினால் இறங்காமல் சென்னை போகலாம், கோயம்புத்தூர் போகலாம், திருப்பதி போகலாம், வாரம் ஒரு முறை ராஜஸ்தானத்து ஜோத்பூர் வரை போகலாம். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற திருத்துறைப்பூண்டிக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் நீடாமங்கலம், திருவாரூர் என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். மூடிய பாதையைத் திறந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு மன்னார்குடியே சாட்சி. மூடியதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1926இல் திறந்து 1986இல் நிறுத்திய மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதை சாட்சி.

புது வண்டிக்குப் பெட்டி இல்லை என்பார்கள். மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டைக்கு வந்த நேரடி வண்டி புதுப் பெட்டியில் வந்ததல்ல. தனித்தனியாகத் துண்டு துண்டாக ஓடிய வண்டிகளை ஒன்றாகக் கோத்ததில் வந்தது. திருவாரூரில் திசை மாற வேண்டியிருக்கும், எஞ்சினைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்பார்கள். டெமு வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் நடைமேடையில் நடந்து மறுமுனைக்குப் போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவுதான் தாமதம். ஒற்றைப் பாதையில் இடமில்லை என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. 1929இல் விருத்தாசலம் வழியாகக் ‘கார்டு லைன்’ என்ற குறுக்குப் பாதை வந்த நாள் முதல் திருச்சிக்கும் தெற்கேயும் போகிற வண்டிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன, இரட்டைப் பாதையும் அங்கேதான் போனது. கும்பகோணம் வழிப் பாதைக்குப் பெயர் மட்டும் இன்னும் மெயின் லைன். அதை இரட்டையாக்கக் கேட்பது நீண்ட காலப் போராட்டம். அதற்குக் காத்திராமல், இருக்கிற டெமு ஒன்றைத் திருவாரூரோடு நிறுத்தாமல் தஞ்சாவூர் வரை நீட்டுவதற்கு ஒரு கால அட்டவணைத் திருத்தம் போதும்.

எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை காலம் நாங்கள் வெளியிட்ட கோரிக்கைகளில் வண்டியின் பெயர் இருந்தது, நேரம் இருந்ததில்லை. அடுத்த இதழோடு ஒரு மனுப் படிவம் வரும். அதில் கம்பன் என்ற பெயரே இருக்காது. காலை ஒன்பதரைக்குள் தஞ்சாவூர், மாலை ஐந்துக்குப் பிறகு புறப்பாடு, இடையில் வண்டி மாறுதல் இல்லை என்று மூன்று வரிகள் இருக்கும். முத்துப்பேட்டையில் கையெழுத்து வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முகவரி எங்களிடம் இருக்கிறது.