காசு வாங்கிய பிறகு கோலம் போடவே பிடிக்கவில்லை

வணக்கம் மேடம்,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 51. பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டவுனுக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இருபது வருடமாகக் கையுறை ஃபேக்டரியில் வேலை, ஃபேக்டரி பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பையன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில்.

அம்மா 2022-இல் தவறிவிட்டார். துக்க வீடு என்பதால் ஒரு வருடம் வாசலில் கோலம் போடவில்லை. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மகளுடைய பழைய கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது, அதை எடுத்து அம்மா லயத்து வாசலில் போட்ட, புள்ளிகளைச் சுற்றிக் கம்பிக் கோடு வளையும் சிக்குக் கோலங்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பென்சிலில் போட ஆரம்பித்தேன். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஃபேக்டரி, முழங்கால் வலி, பிள்ளைகள் கவலை எதுவும் நினைவில் இருக்காது. மூன்று புத்தகம் முடிந்தது. ஒரே ஒரு கோலம் மட்டும், அம்மா மார்கழியில் போடுவது, எத்தனை தடவை போட்டாலும் ஓர் இடத்தில் கம்பி மாட்டிக்கொள்ளும், முடியவே முடியாது.

போன தீபாவளிக்கு முன்னால் மகள் என் புத்தகத்தைப் படம் எடுத்துப் போனில் போட்டாள். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் இருந்து கலர் அரிசிக் கோலம் போடக் கூப்பிட்டார்கள், அப்புறம் இரண்டு ஆபீஸ். மொத்தம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது, பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் சிக்குக் கோலம் வேண்டாம், மயில் போடுங்கள் என்றார்கள், கலர் பத்தவில்லை என்று பாதியை அழிக்கச் சொன்னார்கள், கடைசியில் பணத்துக்கு இரண்டு மாதம் அலைந்தேன்.

அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை மேடம். இரண்டு வரிசை புள்ளி வைத்தாலே, இது எவ்வளவுக்குப் போகும் என்று மனசு கணக்குப் போடுகிறது. வீட்டுக்காரரும், காசு வராத நாளில் எதற்கு இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். அவர் அந்தக் காலத்தில் தோட்டத்துக் கோயிலில் உறுமி அடித்தவர்தான், இப்போது வேலை விட்டு வந்தால் போனோடு படுத்துக்கொள்கிறார். நானும் இப்போது அப்படித்தான், பன்னிரண்டு மணி வரை வீடியோ பார்க்கிறேன், பார்த்து முடித்தால் என்ன பார்த்தேன் என்றே தெரியவில்லை. வீடே சத்தம் இல்லாமல் கிடக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பொழுதுபோக்கு எனக்குத் தேவையா? தேவை என்றால் அந்தப் பழைய சந்தோஷம் ஏன் போனது?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

*

அன்புள்ள அக்கா,

என்னைவிட மூத்தவர் நீங்கள், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: தேவை. 2023-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 93,000-க்கும் அதிகமானவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகவும் மகிழ்ச்சியும் வாழ்க்கைத் திருப்தியும் கூடுதலாகவும் இருந்தன. மனம் நன்றாக இருப்பவர்கள்தானே பொழுதுபோக்கில் இறங்குவார்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், அதுவும் நியாயமான கேள்வி, அந்த ஆய்வு ஒன்றை வைத்து எது முந்தி என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் உங்கள் விஷயத்தில் எது முந்தி என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அம்மாவை இழந்த நேரத்தில், மனம் கொஞ்சமும் நன்றாக இல்லாத நேரத்தில்தான் நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. சந்தோஷம் போனது உங்கள் குற்றம் இல்லை அக்கா. 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஆசை உள்ள பாலர்பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில பிள்ளைகளிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரங்களில் சும்மா விளையாடும் நேரத்தில் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. அதாவது பரிசு கெடுக்கவில்லை, 'இதற்காகத்தான் வரைகிறேன்' என்ற எண்ணம் கெடுத்தது. நீங்கள் புள்ளி வைக்கும்போதே விலை ஓடுகிறது என்கிறீர்களே, அது இதே எண்ணம்தான்.

நமக்கு இது கூடுதலாகவே ஒட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். விடியும் முன்னே பேர் கூப்பிடும் பெரட்டு, அப்புறம் ஆளுக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரை, மத்தியானம் பாலைத் தூக்கிக்கொண்டு போய் நிறுவைக்கு நிற்பது என்று எல்லாமே எடையாகவும் பேராகவும் கணக்கு எழுதும் கிராணியின் புத்தகத்தில் ஏறிய வீடுகளில் வளர்ந்தோம். நிறுவையில் ஏறாத வேலை வேலையே இல்லை என்று யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்தே படிந்துவிட்டது. ஆனால் அதே லயத்தில் சாயங்காலமானால் திடலில் பந்து விளையாடினார்கள், கோயில் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே நாடக ஒத்திகை நடந்தது, உங்கள் வீட்டுக்காரர் மாதிரி இளைஞர்கள் உறுமியை நெருப்பில் காய்ச்சிச் சுதி சேர்த்தார்கள். உங்கள் அம்மா அதிகாலை இருட்டில் மரம் வெட்டப் போகும் முன் மார்கழிக் கோலம் போட்டாரே, அதற்கு யார் கூலி கொடுத்தார்கள்? போடாமல் விட்டிருந்தால் பத்து நிமிடம் கூடத் தூங்கியிருக்கலாம். அவர் தூங்கவில்லை.

எல்லாம் மறந்துபோகிறது என்றீர்கள், அந்த அரை மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் சதுரங்கம் ஆடுபவர்கள், பாறை ஏறுபவர்கள், நடனமாடுபவர்கள் என்று பலரிடம் பேசி, 1975-இல் இந்த நிலையைப் பற்றி விரிவாக எழுதினார். செய்யும் வேலை நம் திறமைக்குச் சரியாக, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் அளவுக்குக் கஷ்டமாக இருந்தால் மனம் அதற்குள் முழுசாக இறங்கிவிடும். சுலபமாக இருந்தால் சலிக்கும், எட்டாத உயரத்தில் இருந்தால் பயம் வரும். சிக்குக் கோலம் இதற்கென்றே செய்த மாதிரி. 1-5-1, அதாவது வரிசைக்கு 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் 13 புள்ளி, கண்ணை மூடிக்கொண்டு வளைத்துவிடலாம். 1-7-1 என்றால் 25 புள்ளி, கம்பி எங்கே திரும்ப வேண்டும் என்று கை நின்று யோசிக்கும், அந்த யோசனைக்குள் ஃபேக்டரி மறந்துபோகிறது. பேரங்காடியில் அந்தத் திருப்பத்தை உங்கள் கையில் இருந்து எடுத்துவிட்டார்கள், மயில் வேண்டும் என்றார்கள், எந்தக் கலர் என்பதும் அவர்கள் முடிவு. மிஞ்சியது முழங்கால் வலி மட்டும்.

(பிரயோஜனம் என்ற சொல்லுக்காக ஒன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்த கணித அறிஞர்களும் 1970-களிலேயே கோலத்தை எடுத்துக் கணினிக்கான பட இலக்கணமாக, அதாவது படத்தை உருவாக்கும் விதிகளாக, ஆராய்ந்தார்கள். உங்கள் அம்மா மாதிரி பெண்கள் மண்ணில் போட்டது அவ்வளவு ஆழமான கணக்கு. ஆனால் பெரிய விஷயம் என்பதற்காக நீங்கள் போட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒன்றுக்கும் உதவாவிட்டாலும் போடலாம்.)

இனி என்ன செய்வது? காசு பாவம் என்று சொல்ல மாட்டேன், 1,200 வெள்ளி நமக்குச் சின்னப் பணம் இல்லை. அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் எடுக்க மனசு இருந்தால் எடுங்கள், ஒன்றோ இரண்டோ போதும், பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள், படத்தைப் பேசி முடித்த பிறகு மாற்றச் சொன்னால் தனிக் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது அரிசிக் கோலம், அது வேலை. கணக்குப் புத்தகம் வேறு. அதைப் படம் எடுக்க வேண்டாம், மகளிடமும் அன்பாகச் சொல்லிவிடுங்கள், அவள் ஆசையில் செய்தாள், தவறாக ஒன்றும் செய்யவில்லை.

மனசு வரட்டும், அப்புறம் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் கவனித்தது இதைத்தான்: மனம் சோர்ந்தால் பிடித்ததைச் செய்வது நிற்கிறது, அது நின்றதால் மனம் இன்னும் சோர்கிறது, இப்படியே சுற்றிக்கொண்டு போகும். அதனால் இதற்குச் சிகிச்சை தருபவர்கள் செய்கையில் இருந்து தொடங்கச் சொல்கிறார்கள், மனசு பின்னால் வரும். பாத்திரம் கழுவி முடித்ததும் போனை அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள், சமையலறை மேசையில் பத்து நிமிடம், அவ்வளவுதான். விலைக் கணக்கு ஓடினால் ஓடட்டும், அதோடு சண்டை போடாமல் அடுத்த புள்ளியை வையுங்கள். முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் அக்கா. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அவரும் ஒன்றைத் தொலைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது, அந்த உறுமி இப்போது யாரிடம் இருக்கிறது என்று சும்மா கேட்டுப் பாருங்கள். அறிவுரை வேண்டாம், கேள்வி மட்டும். இந்தத் தலைமுறைப் பையன்கள் எத்தனையோ பேர் உறுமி மேளக் குழுவில் இருக்கிறார்கள், காய்ச்சும் பக்குவம் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். கோலம் மட்டுமில்லாமல் சாப்பாடு, பேச்சு, கோயில் எதிலுமே பிடிப்பில்லாமல், பெரும்பாலான நாட்கள் அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது தூக்கம் கெட்டு விடியற்காலையில் விழித்துக்கொண்டு வாழ்ந்து என்ன என்று தோன்றினால், அதைப் பொழுதுபோக்கால் சரிசெய்யப் பார்க்காமல் உடனே அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555-க்கும் போன் செய்து பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு நான் பார்க்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் அந்த மார்கழிக் கோலத்தில் இருந்து தொடங்குங்கள், புதுப் பக்கத்தில், பென்சிலில், அழிப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒருவேளை அது ஒரே கம்பியில் முடிகிற கோலமாகவே இல்லாமல் இருக்கலாம். இரண்டு மூன்று கம்பியாகப் பிரிகிற கோலங்கள் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மா எந்த இடத்தில் கையைத் தூக்கினார், எந்தப் பக்கம் இருந்து மறுபடி ஆரம்பித்தார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். எழுதத் தோன்றினால், கம்பி எந்த வரிசையில், எத்தனையாவது புள்ளியில் மாட்டியது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.