பயோடெக்கா, விலங்கியலா? எம்.எஸ்சி. சேரும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். மகள் பி.எஸ்சி. ஐந்தாவது செமஸ்டர். சிபிஇசட், அதாவது வேதியியல், தாவரவியல், விலங்கியல் மூன்றும். அடுத்து எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படுகிறாள். அவளுக்கு விலங்கியல் பிடிக்கும்; சொந்தக்காரர்கள் பயோடெக்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து, முன்பணம் கட்டி சீட்டைப் பிடித்து வையுங்கள் என்று தினமும் போன் வருகிறது. கட்டலாமா? வெளியூர் அனுப்பவும் மனம் வரவில்லை.

பதில்: முன்பணம் கட்டாதீர்கள் அம்மா. உங்கள் மகள் எழுதக்கூடிய நல்ல நுழைவுத் தேர்வுகள் எல்லாம் இனிமேல்தான் வரப்போகின்றன. அதற்குள் ஒரு இடத்தில் பணத்தைப் போட்டுவிட்டால், அது போய்விடுமே என்ற கவலையிலேயே அங்கே சேர்த்துவிடுவீர்கள். நாளைக்கு எங்கே சேர்ந்தாலும் சரி, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லிவிட்டது. கேட்டால் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

சரி, பயோடெக்கா விலங்கியலா? சொந்தக்காரர்கள் நினைக்கும் அளவுக்கு இரண்டுக்கும் தூரம் இல்லை. செல் உயிரியல், உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல், நோய் எதிர்ப்பியல் என்று முதல் வருடத்தில் பெரும்பகுதி இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆராய்ச்சிக்குப் போக எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் தாவரவியல், விலங்கியல், பயோடெக், மைக்ரோபயாலஜி எல்லாருக்கும் 'லைஃப் சயின்ஸ்' என்று ஒரே தாள்தான். மொத்தம் 200 மதிப்பெண். அதில் 100, மூன்றாவது பகுதியில் இருக்கிறது: 75 கேள்விகளில் 25-க்கு விடை எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே எடுபடாது. இதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம்.

பட்டத்தின் பெயர் உண்மையிலேயே கணக்கில் வருவது ஆசிரியர் வேலையில். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கேந்திரிய வித்யாலயாவில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்க, பயோடெக், மைக்ரோபயாலஜி, மரபியல் எம்.எஸ்சி.க்காரர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பி.எஸ்சி.யில் தாவரவியல், விலங்கியல் இரண்டையும் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் சிபிஇசட் என்பதால் அந்தக் கதவு அவளுக்குத் திறந்தே இருக்கிறது. இளநிலையிலேயே பயோடெக் மட்டும் படித்தவர்கள் பலர் பி.எட். முடித்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்து நொந்துபோகிறார்கள். தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளிலோ முதுநிலை ஆசிரியர் இடங்கள் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியே வரும். நாளைக்கு ஊர்ப் பக்கம் போய் ஆசிரியர் ஆகும் எண்ணம் துளியாவது இருந்தால் விலங்கியலே பத்திரம்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: எம்.எஸ்சி. நான்காவது செமஸ்டர் ப்ராஜெக்ட். இரண்டு வருடத்தில் உங்கள் மகள் தன் கையால் ஒரு சோதனையைத் திட்டமிட்டு, அது சொதப்பி, மறுபடி செய்து பார்க்கும் இடம் அது ஒன்றுதான். ஒருமுறை ஒரு கல்லூரிக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு எடுக்கப் போயிருந்தேன். மூன்று மாணவர்களின் அறிக்கையில் ஒரே ஜெல் புகைப்படம் (டி.என்.ஏ. துண்டுகள் கோடு கோடாகத் தெரியும் படம்). ஒருவர் வேப்பிலை என்கிறார், ஒருவர் துளசி, ஒருவர் மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா. காசு வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட் செய்து தரும் ஒரு சென்டரிலிருந்து மூவரும் வாங்கியிருக்கிறார்கள். பையன்களைத் திட்டி என்ன பயன்? அந்தத் துறையில் இருந்த, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆர் மெஷின் மேல் உறை போட்டு மூடியிருந்தது.

அதனால் எந்தக் கல்லூரியையும் நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் வேலை நாளில். போன் செய்பவரிடம் பேசாதீர்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, போன வருடம் சீனியர்கள் ப்ராஜெக்ட் எங்கே செய்தார்கள், பிசிஆர் நீங்களே போடுகிறீர்களா, சார் போட்டுக் காட்டுவாரா என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர் அனுப்ப மனமில்லை என்கிறீர்கள். பெங்களூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதில் தவறே இல்லை. இந்திய அறிவியல் கழகம், ஜக்கூரில் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்.சி.பி.எஸ். என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும்) என்று நாடே தேடி வரும் இடங்கள் இங்கே இருக்கின்றன. இவற்றில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த இன்டகிரேட்டட் பிஎச்.டி. உண்டு, உதவித்தொகையும் உண்டு. இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. விலங்கியலில் அவளுக்குக் காட்டுயிர் பக்கம் நாட்டம் என்றால், என்.சி.பி.எஸ்.ஸில் காட்டுயிர் உயிரியலுக்கென்றே ஒரு எம்.எஸ்சி. இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள், அவள் முடிக்கும் வருடம் அது வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வுகளில் முதலில் வருவது ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம். விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். பயோடெக்னாலஜி தாளை எழுத வேண்டும், ஐ.ஐ.டி. மும்பை, ரூர்க்கி போன்ற இடங்களின் எம்.எஸ்சி.க்கும், இந்திய அறிவியல் கழகத்தின் இன்டகிரேட்டட் பிஎச்.டி.க்கும் அதுதான் வழி. ஜே.என்.யு., டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி., மார்ச் வாக்கில். அப்புறம் காட்-பி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பயோடெக் எம்.எஸ்சி. போல மத்திய பயோடெக்னாலஜி துறை ஆதரிக்கும் படிப்புகளுக்கு. அவற்றில் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். இங்கே மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே எடுக்கிறார்கள், ஆகவே செமஸ்டர் தேர்வையும் விட்டுவிடக் கூடாது.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மசந்திரா பக்கத்து மருந்துக் கம்பெனிகளில் குவாலிட்டி கன்ட்ரோல் வேலைக்குப் போனால் வேதியியல், பார்மசி படித்தவர்களோடு போட்டி போட வேண்டும், பி.எஸ்சி.யில் படித்த வேதியியல் அங்கே கை கொடுக்கும். பயோடெக் என்ற பெயருக்காகக் கூடுதல் சம்பளம் தரும் யாரையும் நான் பார்த்ததில்லை.

இப்போதைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஜாம், காட்-பி இரண்டிலும் பி.யூ.சி. (பிளஸ் டூ) மட்டத்துக் கணக்கு, இயற்பியல் கேள்விகள் வரும். காட்-பி முதல் பகுதியில் வேதியியல், உயிரியலும் சேர்த்து அந்த மட்டத்தில் 60 கேள்விகள், எல்லாமே கட்டாயம். சிபிஇசட் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான், மூன்று வருடமாகக் கணக்குப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். மகள் பி.யூ.சி.யில் பிசிஎம்பி (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்) என்றால் தூசி தட்டினால் போதும். கணக்கே எடுக்கவில்லை என்றால் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டிருந்தால், ஒரு சனிக்கிழமை அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளுக்குப் போய் வாருங்கள், பாதி விலையில் கிடைக்கும்.